மழைக்கு முன் ஒரு வீட்டுக் கூட்டம்

(கமக்காரர் அமைப்புகளும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கூடியிருந்த பொதுக்கூட்டம் ஒன்றில் கிளிநொச்சியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குளங்கள் அடிமட்டத்துக்கு இறங்கி, மாடுகள் தண்ணீர் தேடி அலையும் ஆவணி மாதத்தில் வெள்ளத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இன்னும் சில கிழமைகளில் காலபோகக் கூட்டங்கள் தொடங்கிவிடும். எத்தனை ஏக்கர் விதைப்பது, எப்போது தண்ணீர் திறப்பது, வாய்க்காலை யார் துப்புரவாக்குவது என்று அங்கே முடிவெடுப்பீர்கள். அந்தக் கூட்டங்களுக்கு முன்னரே உங்கள் காதில் போடவேண்டிய விஷயம் இது என்பதால்தான் இந்த மாதத்தைக் கேட்டு வாங்கினேன்.

முதலில் சில திகதிகளைச் சொல்கிறேன். 1964 டிசெம்பர் 22: தனுஷ்கோடியை அழித்த அந்தப் புயல், அங்கே போகுமுன் திருகோணமலைப் பக்கமாகக் கரையேறி வவுனியாவை முறித்துப்போட்டது. 2004 டிசெம்பர் 26: சுனாமி. 2008 நவெம்பர் 25: நிசா புயல். தர்மபுரத்திலும் விசுவமடுவிலும் தறப்பாளின் கீழ் இடம்பெயர்ந்திருந்த சனத்தின் மேல் கொட்டியது. 2018 டிசெம்பர் 21 இரவு: இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட பெருவெள்ளம். 2020 டிசெம்பர் 2: திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரைகடந்த புரெவி. 2022 டிசெம்பர் முற்பகுதி: மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆடுமாடுகள் விறைத்துச் செத்தன. 2024 நவெம்பர் கடைசி: பெங்கல் புயல். 2025 நவெம்பர் 28: நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன டித்வா.

இந்த எட்டையும் ஒரு கடதாசியில் எழுதிப் பாருங்கள். அறுபது வருடக் கதை. ஆனால் எட்டும் நவெம்பர் கடைசிக் கிழமைக்கும் டிசெம்பர் கடைசிக் கிழமைக்கும் நடுவில், ஏறத்தாழ ஒரே ஒரு மாதத்துக்குள் அடங்குகின்றன. சுனாமி அந்த மாதத்தில் வந்தது தற்செயல். கடலுக்கு அடியில் நிலம் நடுங்குவதற்குப் பருவம் கிடையாது. மற்ற ஏழுக்கும் காரணம் உண்டு. ஐப்பசியில் தொடங்கும் மழை கார்த்திகை நடுப்பகுதிக்குள் நிலத்தை ஊறவைத்துவிடும். சின்னக் குளங்கள் எல்லாம் நிறைந்து, பெரிய குளங்கள் வான்மட்டத்துக்குக் கிட்ட வந்து நிற்கும். அந்த நேரம் பார்த்து வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவானால், விழும் மழையை ஏற்க நிலத்திலும் இடமில்லை, குளத்திலும் இடமில்லை. ஐப்பசியில் பெய்தால் பயிருக்கு உதவும் அதே அளவு மழை, கார்த்திகைக் கடைசியில் பெய்தால் வீட்டுக்குள் வருகிறது.

நாங்கள் போருக்குள் வாழ்ந்த சனம். எப்போது வெளிக்கிட வேண்டி வரும் என்று ஒருவரும் எங்களுக்கு நாள் குறித்துச் சொன்னதில்லை. உலையில் அரிசி கொதிக்கக் கொதிக்க விட்டுவிட்டு ஓடியவர்கள் இந்த மண்டபத்தில் பாதிப்பேராவது இருப்பீர்கள். வெள்ளத்துக்கும் புயலுக்கும் மாதம் தெரியும், வரும் திசை தெரியும், தண்ணீர் எந்த ஒழுங்கையால் ஏறும் என்றும் தெரியும். இவ்வளவும் தெரிந்திருந்தும், 2018இலும் 2025இலும் நள்ளிரவில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தோம். அது எனக்குத் தாங்கமுடியாத வருத்தம். எங்கள் சனத்துக்கு அறிவு குறைவில்லை. இடம்பெயர்வதைப் பற்றி வன்னிச் சனத்துக்குப் பாடம் எடுக்க உலகத்தில் ஒருவருக்கும் தகுதி கிடையாது. வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்து, வெயில் காலத்திலேயே, யார் எதைச் செய்வது என்று பேசி வைக்கும் பழக்கம்தான் எங்களிடம் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை அப்படி ஒரு வீட்டுக் கூட்டம் வேண்டும் என்று கேட்கவே வந்தேன்.

அந்தக் கூட்டத்தில் முதலில் பேசவேண்டியது, எப்போது வெளிக்கிடுவது என்பது.

கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்தில் ஊறி, வடக்கே ஓடி இரணைமடுவுக்குள் விழுகிறது. குளம் வான்பாய்ந்தால் அந்தத் தண்ணீர் பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளை என்று தாழ்நிலங்களைத் தொட்டுக்கொண்டு சுண்டிக்குளம் கடலேரிக்குப் போகிறது. ஆகவே முரசுமோட்டையில் ஒரு வீட்டை மூழ்கடிக்கும் மழை முரசுமோட்டையில் பெய்யவேண்டும் என்றில்லை. இங்கே வானம் வெளித்து, உடுப்புக் காயப்போடுகிற நேரத்திலும் மேலே மாங்குளத்திலும் கனகராயன்குளத்திலும் பெய்த மழை உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும். 2018 டிசெம்பர் முற்பகுதியில்தான் திருத்தி உயர்த்திய இரணைமடு திறந்துவைக்கப்பட்டது. இரண்டு கிழமை கழித்து ஒரே இரவில் கொட்டிய மழையில் கதவுகளைத் திறந்துவிட வேண்டி வந்தது. கதவை முன்னரே திறந்திருக்க வேண்டாமா என்ற கேள்வி பிறகு எழுந்தது. அது நியாயமான கேள்வி; கேட்டுக்கொண்டே இருக்கவேண்டிய கேள்வி. ஆனால் தண்ணீர் வருகிற இரவில் அந்தக் கேள்வி உங்கள் பிள்ளையைக் காப்பாற்றாது.

ஒவ்வொரு வீட்டுக்கும் மேற்பகுதியில் ஒரு சொந்தக்காரர் வேண்டும். கலியாண வீடு, செத்தவீடு என்று தொடர்பு வைத்திருக்கிறோம், இதற்கும் வைத்திருப்போம். மாங்குளத்தில் இருக்கும் மைத்துனர் கார்த்திகை மாதத்தில் பெருமழை பெய்தால் உடனே ஒரு கோல் எடுத்துச் சொல்லவேண்டும் என்று இப்போதே பேசி வையுங்கள். அத்தோடு வீட்டுக்கு ஒரு அடையாளம் வேண்டும். ஒழுங்கை முகப்பில் இருக்கும் மதகு, கிணற்றுக்கட்டு, கோயில் படி, ஏதாவது ஒன்று. தண்ணீர் அதைத் தொட்டால் வெளிக்கிடுவோம். அல்லது வான்கதவு திறக்கிறார்கள் என்று அறிவித்தல் வந்தால் பொழுதுபடுமுன் வெளிக்கிடுவோம். இதை வெயில் காலத்தில் முடிவெடுத்துவிட்டால், மழை இரவில் அப்பா ஒன்று சொல்ல அம்மா ஒன்று சொல்ல நேரம் போகாது. இருட்டில் வெளிக்கிடுவதுதான் ஆளைக் கொல்கிறது. எது வாய்க்கால், எது வீதி என்று தெரியாது. முழங்கால் அளவு தண்ணீர்தான், ஆனால் ஓடுகிற தண்ணீர். அதற்குள் சைக்கிளையோ மோட்டார் சைக்கிளையோ இறக்கினால் ஆள் நிற்கமாட்டார்.

சனம் ஏன் கடைசி நிமிடம்வரை வெளிக்கிடாமல் இருக்கிறது? சோம்பலால் என்று சில அதிகாரிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பெரிய அநியாயம். மூன்று காரணங்கள் உண்டு, மூன்றும் நியாயமானவை.

முதலாவது மாடு. வங்கியில் காசு இல்லாத குடும்பத்துக்கு, அதிலும் கணவனை இழந்து தனியே பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணுக்கு, பட்டியில் நிற்கும் இரண்டு பசுதான் சேமிப்பு. அதை விட்டுவிட்டு வா என்றால் எப்படி வருவார்? ஆகவே மாட்டுக்குத்தான் முதல் திட்டம் போடவேண்டும். கார்த்திகை பிறந்தவுடன் மேட்டுநிலத்தில் ஒரு இடம், அது உறவினர் காணியோ கோயில் வீதியோ, பேசி வைக்கவேண்டும். ஊரில் நாலைந்து குடும்பம் சேர்ந்தால் மாடுகளை ஒன்றாகக் கொண்டுபோய், முறைவைத்துப் பார்க்கலாம். கொண்டுபோக முடியாமல் போனால் ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போங்கள். அவிழ்த்த மாடு நீந்தி மேடு தேடும். கட்டிய மாடு நின்ற இடத்திலேயே செத்துப்போகும். 2022இல் செத்த மாடுகளைக் கொன்றது வெள்ளமல்ல, திறந்த வெளியில் இரண்டு மூன்று நாள் நனைந்தபடி குளிர்காற்றில் நின்றது. காற்றடிக்கும் பக்கத்துக்கு ஒரு கிடுகு மறைப்பு, மேலே ஒரு தறப்பாள், காய்ந்த வைக்கோல், கன்றுக்குச் சாக்கு. செலவு பெரிதில்லை. ஆனால் மழை தொடங்கியபின் கிடுகும் கிடைக்காது, வைக்கோலும் காயாது.

இரண்டாவது களவு. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் மோட்டர் பம்பும் உழவு இயந்திரத்தின் பற்றரியும் இருக்குமோ என்ற பயம். அதற்கு ஒழுங்கையால் ஒழுங்கை பேசித்தான் வழி காணவேண்டும். முதலில் பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள். பிறகு இரண்டு இளைஞர் படகோ உழவு இயந்திரமோ வரும் தூரத்தில் இருந்து பார்த்துக்கொள்வது என்று பேசுங்கள்.

மூன்றாவதைச் சனம் வாயால் சொல்வதில்லை. பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்து, வரிசையில் நின்று சாப்பாடு வாங்குவதென்றால், செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் இருந்தவர்களுக்கு நெஞ்சு அடைக்கிறது. இன்னொருமுறை அப்படி வரிசையில் நிற்கமாட்டேன் என்று தண்ணீருக்குள் கட்டிலுக்கு மேல் கட்டில் வைத்துக் குந்தியிருந்த மூதாட்டியை எனக்குத் தெரியும். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படிப்பட்டவர்களுக்குப் பாடசாலையை விட வேறு ஒரு இடம் முன்கூட்டியே வேண்டும். மேட்டில் இருக்கும் மகள் வீடு, அக்கா வீடு, சிநேகிதி வீடு. ‘கார்த்திகையில் தண்ணீர் வந்தால் இஞ்ச வாங்கோ அம்மா’ என்று அவர்கள் இப்போதே வந்து கேட்டுவிட்டால், அந்த இரவில் அவர் வெளிக்கிடுவார்.

அடுத்தது கடதாசிகள். இதைப் பற்றிக் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசப்போகிறேன்.

2009இல் வன்னியில் இருந்து வெளியேறியபோது எங்கள் சனம் நகையை விட்டது, உழவு இயந்திரத்தை விட்டது, இறந்தவரைப் புதைக்கவும் நேரமில்லாமல் விட்டது. ஆனால் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்தது. தொலைத்தவர்கள் பிறகு பட்ட பாட்டை அலுவலக வாசல்களில் பார்த்திருக்கிறோம். பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க முடியாது, இறப்பைப் பதிய முடியாது, வீட்டுத் திட்டத்தில் பெயர் வராது. ஒரு கடதாசி இல்லாததால் ஒரு குடும்பம் எத்தனை வருடம் பின்னுக்குப் போகும் என்று நாங்கள் அறிவோம். அப்படி அறிந்த சனத்தின் வீடுகளில் இன்று காணிப் பத்திரம் அலுமாரியின் கீழ்த்தட்டில் சேலைக்கு அடியில் கிடக்கிறது. வெள்ளம் முதலில் நனைப்பது அந்தத் தட்டைத்தான்.

வன்னியில் பலருடைய காணி உறுதிக்காணி அல்ல. குடியேற்றத் திட்டங்களில் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரம், அதாவது நாங்கள் பெர்மிட் என்று சொல்வது, அல்லது அளிப்புப் பத்திரம். அந்த ஒற்றைத்தாள் கரைந்துபோனால், அரச கோவையில் பெயர் சரியாக இருக்கிறதா என்று தேடி அலையவேண்டும். பெர்மிட் வைத்திருந்தவர் இறந்திருந்தால் அலைச்சல் இரட்டிப்பு. ஆகவே இந்த ஆவணியிலேயே மூன்று வேலை. பெர்மிட்டைப் பிரதி எடுத்து, பிரதேச செயலகத்துக் காணிக் கிளையில் உங்கள் கோவையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னுரித்தாளர் பெயர் பதியாமல் இருந்தால் பதியுங்கள். அதற்கு ஒரு அனர்த்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மூலப் பத்திரத்தை நல்ல தடித்த பொலித்தீன் பையில் போட்டு, வாயை மடித்து ஒட்டி, இன்னொரு பைக்குள் வையுங்கள்.

அதே பைக்குள் என்னென்ன? எல்லோருடைய அடையாள அட்டைப் பிரதி, பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், அஸ்வெசுமக் கடதாசி, பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ்கள். உயர்தரம் எழுதும் பிள்ளை இருந்தால் அனுமதி அட்டை. 2024இலும் 2025இலும் உயர்தரப் பரீட்சையை இடைநடுவில் ஒத்திவைக்க வேண்டி வந்தது இந்த மழையால்தான். அந்த மாதத்தில் அந்தப் பிள்ளையின் புத்தகமும் வெள்ளத்தில் போகவேண்டுமா? காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் குடும்பங்கள், உங்களிடம் இருக்கும் ஒரே புகைப்படத்தையும் முறைப்பாட்டுப் பிரதிகளையும் தயவுசெய்து இந்தப் பையில் முதலாவதாக வையுங்கள். கைப்பேசியில் எல்லாவற்றையும் படம் எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்கும் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இருக்கும் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். கைப்பேசி தண்ணீரில் விழுந்தாலும் கனடாவில் இருக்கும் தம்பியிடம் இருக்கும். பை நிலத்தில் இருக்கக்கூடாது. கதவுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்தில், ஆணியில் தொங்கட்டும்.

எவ்வளவு உயரம் என்று கேட்டால், பதிலை உங்கள் சுவரே வைத்திருக்கிறது. 2018இலோ 2025இலோ தண்ணீர் ஏறிய வீடுகளில் சுவரில் ஒரு கறைக்கோடு இருக்கும். வெள்ளையடிக்கும்போது அதை மறைத்துவிடாதீர்கள். ஒரு மூலையில் கரியால் ஒரு கோடு கீறி, வருடத்தை எழுதி வையுங்கள். நெல்மூட்டை, உடுப்புப் பெட்டி, பிள்ளையின் புத்தகம் எல்லாம் கார்த்திகையில் அந்தக் கோட்டுக்கு மேலே போகட்டும். மின் இணைப்பின் மெயின் சுவிச் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் மின்வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு உயர்த்துங்கள். தண்ணீர் முற்றத்துக்கு வந்தவுடன் மெயினை நிறுத்துவது யார் என்று ஒருவர் பெயரைச் சொல்லி வையுங்கள். எல்லோருக்கும் பொது என்று விட்ட வேலையை ஒருவரும் செய்வதில்லை.

இனி ஆட்கள். வன்னியில் ஒரு வீட்டுக் கூட்டத்தில் தவிர்க்கமுடியாத கேள்வி, யார் யாரைத் தூக்குவது என்பது. கால் இழந்தவர்கள், முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே இயங்காதவர்கள் எங்கள் ஊர்களில் எத்தனைபேர்! சக்கர நாற்காலி சேற்றில் ஓடாது. நாற்காலியோடு ஒருவரைத் தூக்க நாலுபேர் வேண்டும். அந்த நாலுபேர் யார், எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று பெயர் சொல்லி, அவர்களிடமும் கேட்டு வைக்கவேண்டும். அவர்களுக்கான மெத்தை, சிறுநீர்க் குழாய், புண்ணுக்குக் கட்டும் துணி எல்லாம் தனிப் பையில். பலவீனமானவரைக் கடைசியில் பார்ப்போம் என்று விடுவதுதான் எங்கள் வழக்கம். அவரை முதலில், காலையிலேயே, மழை பலக்கும் முன்பே அனுப்பவேண்டும். கர்ப்பிணித் தாய் என்றால் குடும்பநல மாதுவிடம் நாளைச் சொல்லி, கடைசி மாதம் கார்த்திகை, மார்கழியில் வந்தால் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கோ மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்கோ கிட்ட உள்ள உறவினர் வீட்டில் முன்னரே போய் இருப்பது நல்லது.

பிரஷர், சீனி வருத்தக்காரருக்கு ஒரு வார்த்தை. கிளினிக் கொப்பியும் மருந்துமாகத்தான் உங்கள் உயிர் ஓடுகிறது. கார்த்திகை கிளினிக்குக்குப் போகும்போது மருந்து தீரும்வரை காத்திருக்காமல், ஒரு கிழமைக்குக் கூடுதலாகத் தரமுடியுமா என்று கேளுங்கள். கொப்பியையும் படம் எடுத்து வையுங்கள். இன்சுலின் போடுபவர்கள், கரண்ட் இல்லாத நாட்களில் அதை எப்படிக் குளிரில் வைப்பது என்று தாதியிடம் கேட்டு வையுங்கள்; ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் ஒரு சின்னப் பாத்திரத்தில் வைத்து நிழலில் விடுவது பல வீடுகளில் கைகொடுத்திருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றிச் சமைக்கத் தெரிந்த உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது. மூன்று நாள் வெளியாட்கள் ஒருவரும் வரமாட்டார்கள் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அடுப்பு மூட்டாமல் சாப்பிடக்கூடியது: அவல், பனங்கட்டி, புழுக்கொடியல், பிஸ்கட், குழந்தைக்கு மா. ஆளுக்கு நாளுக்கு நாலு லீற்றராவது குடிதண்ணீர், மூடியுள்ள கலனில். காய்ந்த விறகு கொஞ்சம் தறப்பாளின் கீழ், நெருப்புப் பெட்டி போத்தலுக்குள். டோர்ச் லைற், பற்றரியில் ஓடும் சின்ன ரேடியோ. 2025இல் பல இடங்களில் தொலைபேசிச் சேவை விழுந்தபின் சனத்துக்குச் செய்தி எட்டவில்லை. ரேடியோ வைத்திருந்த வீட்டில்தான் ஒழுங்கையே கூடியது. வயிற்றோட்டம் கண்டால் கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் தட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு. இதைத் தாய்மார் எல்லோரும் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கவேண்டும்.

மூன்று நாள் என்று நான் சொல்வதற்கு 2025ஐவிடச் சான்று வேண்டாம். பரந்தன் முல்லைத்தீவு வீதியில் பாலம் போனது. ரயில் பாதை போனது. அந்த வீதியில் இந்திய இராணுவப் பொறியியலாளர்கள் இரும்புப் பாலம் பொருத்தி வழி திறந்தது டிசெம்பர் கடைசியில்தான். அதுவரை பக்கத்து வீட்டுக்காரர்தான் அரசாங்கம்.

கடற்கரைச் சனத்துக்குத் தனியாகச் சொல்லவேண்டும். கள்ளப்பாடு, வண்ணாங்குளம், சிலாவத்தை, அளம்பில், செம்மலை. 2004இல் முல்லைத்தீவு மாவட்டத்தில் மட்டும் 3,000 அளவிலானோரை இழந்தோம். சுமாத்திராவில் நிலம் நடுங்கியது எங்கள் நேரப்படி காலை 7 மணிக்கு முன்னர். அலை இங்கே வர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு குரல் எழுந்திருந்தால் என்று நினைக்காமல் அந்தக் கரையில் என்னால் நிற்க முடிவதில்லை. இன்று எச்சரிக்கை வருகிறது. ஆனாலும் இரண்டு விஷயம் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும். கடல் உள்வாங்கினால்தான் சுனாமி என்று பாடப்புத்தக அறிவோடு நிற்காதீர்கள். 2004இல் எங்கள் பக்கத்துக்கு முதலில் நீர் உயர்ந்துதான் வந்தது. உள்வாங்கல் அதற்குப் பிறகு. இரண்டாவது, அது ஒரு அலையோடு முடியாது. முதல் அலை போனபின் உறவுகளைத் தேடி, வள்ளத்தைத் தேடிக் கரைக்குத் திரும்பியவர்களை அடுத்தது கொண்டுபோனது. அறிவித்தல் வரும்வரை மேட்டிலேயே இருக்கவேண்டும். அப்பா கடலில், அம்மா சந்தையில், பிள்ளை ரியூசனில் என்றால் ஒருவரை ஒருவர் தேடிக் கரைக்கு வரக்கூடாது. எல்லோரும் தனித்தனியே போய்ச் சேரும் ஒரு இடத்தை வீட்டுக் கூட்டத்தில் முடிவு பண்ணுங்கள். இதை ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் நடந்தே பார்த்துவிடுங்கள். சின்னப்பிள்ளையின் காலுக்கு எத்தனை நிமிடம் என்று அப்போதுதான் தெரியும்.

தண்ணீர் வடிந்தபின்தான் பலர் கவனம் விடுகிறார்கள். வீடு திரும்பும்போது முதலில் போகவேண்டியது ஒரு பெரியவர், தடியோடு, காலில் பூட்ஸோடு, பகல் வெளிச்சத்தில். மேடு தேடி வந்த பாம்பு கட்டிலிலும் அலுமாரியிலும் அடுப்படியிலும் இருக்கும். புடையன் கால்பட்டால்தான் இருப்பதே தெரியும். கடித்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட இடத்தை அசையாமல் வைத்து நேரே ஆஸ்பத்திரிக்கு. 1990 அம்புலன்ஸ் வர வழியில்லை என்றால் உழவு இயந்திரத்தில் ஏற்றுங்கள். விஷக்கடி வைத்தியரில் எனக்கும் மரியாதை உண்டு, ஆனால் அங்கே போகும் ஒரு மணித்தியாலம் உயிரின் விலை.

வெள்ளம் ஏறிய கிணற்றை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குளோரின் இட்டுச் சரி என்று சொல்லும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவேண்டாம். 2024 டிசெம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனது. சாதாரணக் காய்ச்சல் என்று பனடோலோடு வீட்டில் கிடந்தவர்கள் கடைசியில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சேற்றில் இறங்கி வேலை செய்பவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள். காலில் காயம் இருந்தால் வயலில் இறங்கவேண்டாம். காய்ச்சலோடு உடம்பு உளைவும் கண் சிவப்பும் வந்தால் ஒருநாளும் காத்திருக்கவேண்டாம்.

இன்னொன்று, வேறு மாவட்டங்களில் வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சொல்லத் தேவையில்லாதது. எங்கள் நிலத்தில் இன்னும் வெடிபொருள் இருக்கிறது. ஓடும் தண்ணீர் மண்ணை அரித்து, புதைந்ததை வெளியே கொண்டுவரும். ஒரு இடத்தில் இருந்ததை இன்னொரு இடத்தில் கொண்டுபோய் விடும். போன வருடம் துப்புரவு என்று சொன்ன வாய்க்கால் இந்த மார்கழிக்குப் பிறகும் துப்புரவு என்று நினைக்காதீர்கள். பழைய இரும்பு பொறுக்கிப் பிழைக்கும் தம்பிமார், இது உங்களுக்கு. தெரியாத இரும்பைத் தொடவேண்டாம், உதைக்கவேண்டாம், வீட்டுக்குக் கொண்டுவரவேண்டாம். பக்கத்தில் தடி நட்டு அடையாளம் வைத்து, வந்த காலடியிலேயே திரும்பி நடந்து, 119க்கு அறிவியுங்கள்.

வீட்டுக் கூட்டத்தைப் பற்றி இவ்வளவு சொன்னதால், பொறுப்பு முழுவதையும் வீட்டின் தலையில் கட்டுகிறேன் என்று ஒருவரும் நினைக்கவேண்டாம். சுனாமிக்குப் பிறகு 2005இல் இந்த நாடு அனர்த்த முகாமைத்துவச் சட்டம் கொண்டுவந்தது. 117 என்ற இலக்கம் இருக்கிறது, மாவட்டச் செயலகத்தில் பிரிவு இருக்கிறது. வான்கதவு திறக்கும் அறிவித்தல் தண்ணீருக்கு முன்னர் வரவேண்டும், தமிழில் வரவேண்டும், கைப்பேசி இல்லாத வீட்டுக்கும் ஒலிபெருக்கியில் வரவேண்டும். அரித்துப்போன குளக்கட்டைப் புரட்டாதியில் பார்க்கவேண்டும். இவற்றை நாங்கள் கேட்பது பிச்சையல்ல, உரிமை. கமக்காரர் அமைப்பின் தலைவர்களே, வரும் காலபோகக் கூட்டத்தில் அதிகாரிகள் எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். விதைப்புத் திகதி எழுதும் அதே அறிக்கையில் இதையும் எழுதுவியுங்கள்: எத்தனை அடியில் கதவு திறக்கப்படும், யார் யாருக்குச் சொல்லுவார், எந்தக் கோயில் மணியோ தேவாலய மணியோ அடிக்கப்படும், எந்தப் பாடசாலை திறக்கப்படும், அதன் சாவி யாரிடம் இருக்கும். ஊரில் தூக்கிச் செல்லவேண்டியவர்களின் பட்டியலைக் கிராம அலுவலரும் மாதர் சங்கமும் சேர்ந்து எழுதி அந்த அறிக்கையோடு இணையுங்கள்.

தாய்மாரே, ஐயாமாரே, உங்களிடம் நான் கேட்பது ஒரு இரவு. காலபோகக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் அன்றைக்கே, சாப்பாட்டுக்குப் பிறகு, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எல்லோரையும் இருத்துங்கள். சின்னப்பிள்ளையையும் இருத்துங்கள், அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். எப்போது வெளிக்கிடுவது, எங்கே போவது, மாட்டை யார் அவிழ்ப்பது, அம்மம்மாவை யார் தூக்குவது, பையை யார் எடுப்பது. ஒரு பிள்ளை அதைக் கொப்பித்தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டட்டும். ஐப்பசி மழை தொடங்குமுன் அதைச் செய்துவிடுங்கள்.